பின்சந்துக்கு யார் வழி சொன்னது?

மாலை 4.20.

டப்பாவின் மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர் மட்டும் இருந்தது.

அக்கா மூடியைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முழுப் பல்செட் மூடியில் ஒட்டிக்கொண்டிருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தாள். பிறகு டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். வக்கீலின் பெயர்தான். அவள் கையெழுத்துதான்.

“என்னம்மா, தண்ணிய மட்டும் குடுத்து அனுப்பப் போறீங்களா?” என்றார் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த மேனேஜர்.

அது பல்செட் செய்யும் கூடம். முன்னறையில் ஒரு மேசை, சில நாற்காலிகள், பல் வரிசைகள் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே வேலையறை. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை இங்கே அனுப்புவார்கள். இங்கே பல் வரிசை கட்டி, மெருகேற்றி, காய்ந்துபோகாமல் இருக்கத் தண்ணீர் டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கூடத்தை நடத்துபவள் அக்கா. வருகிற வேலையில் முக்கால்வாசி ஒரே ஒரு கிளினிக்கிலிருந்து வருகிறது. மேனேஜர் அந்தக் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவர். கூடத்துக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

வக்கீலின் பழைய செட் போன வாரம் கழுவும்போது கைதவறி உடைந்துவிட்டது. நாளைக் காலை அவர் நீதிமன்றத்தில் இறுதி வாதம் பேச வேண்டும். பல் இல்லாமல் பேசினால் நீதிபதிக்குக் காற்று மட்டும்தான் கேட்கும். அதனால்தான் மேனேஜரே நேரில் வாங்கிப்போக வந்திருந்தார்.

“மூணே முக்காலுக்கு நானே பாத்தேன் சார். கையில வாங்கிப் பாத்துட்டுத்தான் டப்பாவுல போட்டு உள்ள அலமாரியில வச்சேன்” என்ற அக்கா உள்ளே திரும்பிக் கத்தினாள். “அண்ணே! இங்க வாங்க!”

வேலையறையில் மெருகு மெஷின் நின்றது. பாலிஷண்ணன் காதில் வைத்திருந்த பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தார். புருவத்தில்கூட வெள்ளைத் தூள்.

“வக்கீல் செட்டு எங்கண்ணே?”

“டப்பாவுல.”

“டப்பாவுல இல்ல.”

“நீ வேற எதையாவது எடுத்திருப்பே. அலமாரி ஓரத்துல இருக்கும் பாரு.”

“இதுதாண்ணே அது.”

பாலிஷண்ணன் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். கிணற்றில் சாவியைப் போட்டவர் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார்.

“உள்ள வேற யாரு இருந்தாங்க?” மேனேஜர் கேட்டார்.

“நான் மட்டுந்தான் சார்.”

“அப்ப வேற யாரைக் கேக்கறது?”

பாலிஷண்ணன் டப்பாவை மூடி மேசைமேல் வைத்தார்.

இதையெல்லாம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அக்காவின் தங்கை. வீட்டிலும் கடையிலும் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். பகலில் முன்னறையில் போன் எடுப்பாள். மாலையில் கல்லூரிக்குப் போய்ப் புள்ளியியல் படிப்பாள். எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பாள், மூன்றாவது தடவை தன்னையே சந்தேகப்படுவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவது அவளுக்கு வாடிக்கை.

மாலை 4.40.

கூடம் முழுக்கத் தேடியாயிற்று. அலமாரி, குப்பைக்கூடை, தொட்டி, மெஷினுக்கு அடியில் எல்லாம் பார்த்தார்கள். கிடைக்கவில்லை.

“எல்லார் பையையும் பாத்துடுவோம்,” என்றார் மேனேஜர். “முதல்ல என் பையைப் பாருங்க. எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல.”

மடியில் இருந்த ஹெல்மெட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் பையை மேசைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு கட்டு காகிதம். கால்சட்டைப் பைகளையும் வெளியே இழுத்துக் காட்டினார். பாலிஷண்ணனின் துணிப்பையில் பழைய சட்டையும் கண்ணாடிக் கூடும் இருந்தன. அக்காவின் கைப்பையிலும் சின்னவளின் புத்தகப் பையிலும் ஒன்றுமில்லை. முன்னறையில் காத்திருந்த ஒரு பெண், உடைந்த பல்செட்டை ஒட்டுவதற்குத் தன் அம்மாவுக்காக வந்தவள், தானாகவே பையைத் திறந்து காட்டினாள். “எங்கம்மாவுக்கே இது பொருந்தல, வக்கீலுது எதுக்கு எனக்கு?” என்றாள். அவள் ஒருத்திதான் சிரித்தாள்.

மேனேஜர் மறுபடி உட்கார்ந்தார். கையுறைகளைத் திணித்து வைத்திருந்த ஹெல்மெட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார்.

“போலீசுக்குச் சொல்லிடலாமா சார்?” என்றாள் அக்கா.

“எதுக்கும்மா? கிளினிக் பேரும் சேந்து கெடும். நான் டாக்டர்கிட்ட பேசிட்டேன். அவரு கொதிச்சுப் போய் இருக்காரு. ரெண்டு விஷயம். வக்கீலோட அச்சை என்கிட்ட குடுத்துடுங்க, எனக்குத் தெரிஞ்ச லேப் ஒண்ணு இருக்கு, ராவோட ராவா செஞ்சு குடுத்துடுவாங்க. ரெண்டாவது...” பாலிஷண்ணனைப் பார்க்காமலே தலையை அவர் பக்கம் ஆட்டினார். “இந்த ஆளு இன்னியோட போகணும். இல்லேன்னா நாளைலேர்ந்து உங்களுக்கு எங்க வேலை கிடையாது.”

கிளினிக் வேலை போனால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். பாலிஷண்ணன் போனாலும் ஏறக்குறைய அதேதான்.

“அண்ணே, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்.”

“என்னத்தச் சொல்றது? முதுகுப் பக்கம் எனக்குக் கண்ணா இருக்கு?” அவர் வேலைக்காகக் கட்டியிருந்த மேலாடையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். “உனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடிலேர்ந்து இங்கதாம்மா இருக்கேன். இந்த வயசுல திருட்டுப் பட்டம் வாங்கிட்டுத்தான் போகணும்னு இருக்கு. அதுவும் பல்லைத் திருடி. பணத்தத் திருடினான்னு சொன்னாலாவது ஒரு மரியாதை.”

முடிச்சு அவிழவில்லை.

சின்னவள் எழுந்தாள். “அக்கா, எனக்குக் கொஞ்ச நேரம் குடு.”

“இவங்க யாரு? துப்பறியறவங்களா?” என்றார் மேனேஜர்.

“இல்ல சார். ஆறரைக்குத்தான் எனக்குக் கிளாஸ். அதுவரைக்கும் சும்மாதான் இருக்கேன்.”

வேலையறையில் மெருகு மெஷின் வலது சுவரோரம் இருந்தது. பாலிஷண்ணன் அதன் முன்னே உட்கார்ந்தால் டப்பாக்கள் வைக்கும் அலமாரி அவர் முதுகுக்குப் பின்னால். அலமாரிக்கு அடுத்தது பின்கதவு. பல் செய்யும் திரவத்தின் நெடி தாங்காது என்பதால் பின்கதவு பகலெல்லாம் திறந்தே இருக்கும். சின்னவள் கதவுக்கு வெளியே போய் நின்று கையை உள்ளே நீட்டினாள். விரல் அலமாரியைத் தொட்டது.

கீழே பார்த்தாள். அலமாரிக்கும் வாசற்கல்லுக்கும் நடுவே நீர்ச்சொட்டுகள், பாதி காய்ந்து கிடந்தன. கடைசிச் சொட்டு கல்லுக்கு வெளியே விழுந்திருந்தது.

“நீங்க கை கழுவிட்டு இந்தப் பக்கம் வந்தீங்களாண்ணே?”

“தொட்டி அந்தக் கோடியில இருக்கு. நான் எதுக்கு இங்க வரேன்?”

அப்படியானால் கை வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். இதைச் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். சொட்டு வெளியே போகிறது என்பதற்காக ஆளும் வெளியாள்தான் என்று எப்படிச் சொல்வது? பாலிஷண்ணனே வெளியே வந்து யாரிடமாவது கொடுத்திருக்கலாம் என்று மேனேஜர் சொன்னால்? இன்னும் வேண்டும்.

பின்கதவு திறப்பது ஒரு குறுகிய சந்தில். ஒரு பெரிய குப்பைத்தொட்டி, அதற்குப் பக்கத்தில் இஸ்திரியம்மாவின் தள்ளுவண்டி. அந்தச் சந்துக்கு ஒரு கதை உண்டு. போனில் கடை தேடி வழி காட்டும் செயலியில் கூடத்தின் பெயரைத் தட்டினால், சிவப்புக் குறி முன்வாசலில் நிற்காது. பின்சந்தில், சரியாகக் குப்பைத்தொட்டியின் தலைமேல் நிற்கும். புதிதாக வருகிற யாராக இருந்தாலும் செயலி அவரை அடுத்த தெரு வழியாகச் சந்துக்குள் நுழைத்து, “சேருமிடம் வந்துவிட்டது” என்று சொல்லிவிடும். பிறகு அவர் கூடத்துக்குப் போன் செய்வார். “குப்பைத்தொட்டிகிட்ட நிக்கிறேங்க, கடை எங்க?” தினமும் நாலைந்து போன். சின்னவளுக்குப் பதில் மனப்பாடம். குறியை மாற்றச் சொல்லி அவள் பல தடவை திருத்தம் அனுப்பியிருந்தாள். “பரிசீலனையில் உள்ளது” என்று பதில் வரும். கிளினிக்கிலிருந்து வருகிற ஆட்களும் இதே பாட்டைத்தான் பாடுவார்கள்.

போன் செய்யாதவர்களை இஸ்திரியம்மாவே முன்பக்கம் கூட்டிவந்து விடுவாள்.

“யம்மா, மத்தியானத்துக்கு மேல இந்தக் கதவுகிட்ட யாரையாவது பாத்தீங்களா?” சின்னவள் கேட்டாள்.

“உங்க மேனேஜரைத்தான் பாத்தேன். நான்தானே கூட்டிட்டு வந்து விட்டேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“யாருமில்ல. நான் டீ குடிக்க முனை வரைக்கும் போயிட்டுத் திரும்பறேன், மனுஷன் கதவுகிட்ட நின்னு முழிக்கிறாரு. ‘என்ன சார், பல்லுக் கடையா? மேப்பு இங்க கொண்டாந்து விட்டுச்சா?’ன்னேன். ‘ஆமாம்மா, ஆமாம்மா’ன்னாரு. பாவமா இருந்துச்சு.”

“வண்டியில வந்தாரா, நடந்தா?”

“நடந்துதான். கையில அந்த ஹெல்மெட்டு.” இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டு மறுபடி சட்டையில் வைத்தாள். “சட்டை இருந்தா குடுங்க சார்னேன். அவசரம்னுட்டாரு. வழி தப்பி வரவங்க பாதிப்பேரு அடுத்த தடவ ஒரு சட்டையாவது கொண்டாந்து குடுப்பாங்க. இன்னிக்குத்தான் ஒரு ஈ காக்கா வரல.”

மாலை 5.05.

சின்னவள் முன்னறைக்குத் திரும்பினாள். மூன்றரையிலிருந்து நடந்ததை முதலிலிருந்து ஒருமுறை மனத்துக்குள் ஓட்டினாள். பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம்.

மூன்றரைக்கு அம்மாவின் பல்செட்டோடு இந்தப் பெண் வந்தாள். நான்கு மணிவாக்கில் பிளாஸ்டர் மாவு மூட்டைகள் வந்தன. கொண்டுவந்தவர் புது ஆள். உள்ளே நுழையும்போதே திட்டிக்கொண்டு வந்தார். “யாருங்க அது, படிக்கு நேரா பைக்கை நிறுத்தினது? மூட்டையத் தலையில வச்சுக்கிட்டு நான் தாண்டிக் குதிக்கவா?” கதவுக் கண்ணாடி முழுக்கப் பல் படம் ஒட்டியிருந்ததால் மேசையிலிருந்து பைக் தெரியவில்லை. மூட்டைக்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அப்புறம்தான் இஸ்திரியம்மா மேனேஜரைக் கூட்டிவந்தாள். அவர் உட்கார்ந்ததும் முதலில் சொன்னது: “உங்க மேப்பு இருக்கே, ஆளை அலைய விட்டுடுச்சு.” சின்னவள் மன்னிப்புக் கேட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்று பேர். மூட்டைக்காரர் வேலையறைக்குள் போகவேயில்லை. இந்தப் பெண் நாற்காலியைவிட்டு எழவில்லை.

“நீங்க வந்ததுலேர்ந்து வெளியாளு யாராவது உள்ள போனாங்களாக்கா?” என்று அவளிடம் கேட்டாள்.

“இல்லப்பா. நான்தான் இங்கேயே உக்காந்திருக்கேனே.”

“இடம் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துச்சா? முதல் தடவையா வரீங்க.”

“என்ன கஷ்டம்? பேரைத் தட்டினேன், நேரா உங்க படியில கொண்டாந்து விட்டுச்சு.”

சின்னவள் தலையாட்டினாள். ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

“முடிஞ்சுதா விசாரணை?” என்றார் மேனேஜர். “அச்சைக் குடுங்கம்மா. எனக்கு நேரமாகுது. அந்தாளுக்குக் கணக்க முடிச்சு அனுப்புங்க.”

அச்சும் பணமும் வைத்திருக்கும் அலமாரியின் சாவியை அக்கா எடுத்தாள். பாலிஷண்ணன் மேலாடையை மடித்து மெஷின்மேல் வைத்துவிட்டு, தன் கண்ணாடிக் கூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில்தான் முன்கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டு. கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. வக்கீல். கிளினிக்கில் காத்திருந்து பொறுமையிழந்து தானே கிளம்பி வந்துவிட்டார். பேசவில்லை. டப்பாவைக் காட்டி, கையை விரித்து, புருவத்தை உயர்த்தினார். கேள்வி எல்லோருக்கும் புரிந்தது.

“உக்காருங்க சார்,” என்றாள் சின்னவள். பழக்கத்தில் வாய் தானாக அடுத்ததைச் சொன்னது. “பின்சந்துல ரொம்ப நேரம் நின்னுட்டீங்களா? மேப்பு கொஞ்சம்...”

வக்கீல் தலையை ஆட்டினார். இல்லை. போனை எடுத்துக் காட்டினார், பிறகு விரலால் காற்றில் ஒரு நேர்க்கோடு போட்டு வாசற்படியைக் காட்டினார்.

நேராக வந்திருக்கிறார்.

சின்னவள் மேசைமேல் இருந்த கடைப் போனைப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனை பேர் வழி கேட்டார்கள்? யோசித்துப் பார்த்தாள். ஒருவரும் கேட்கவில்லை. தினமும் நாலைந்து போன் வருகிற இடத்தில் இன்று பூஜ்யம். போன் அடித்தால் கவனிக்கிறோம், அடிக்காததை யார் கவனிக்கிறார்கள்? வகுப்பில் பூஜ்யத்தையும் ஒரு தகவலாகத்தான் எழுதுவார்கள். அவள் அதை எழுதாமல் விட்டிருந்தாள்.

தன் போனில் செயலியைத் திறந்தாள். கூடத்தின் பெயரைத் தட்டினாள். சிவப்புக் குறி முன்வாசலில் நின்றது. மேலே மணிச்சின்னத்தில் படிக்காத ஒரு செய்தி. அன்று காலை வந்தது. “உங்கள் திருத்தம் ஏற்கப்பட்டது. நன்றி.”

முதலில் மகிழ்ச்சி வந்தது. அடுத்த நொடியே சந்தேகம். ஒருவர் போனில் பழைய மேப்பு தங்கியிருக்கலாமே? எல்லோர் போனும் ஒரே நேரத்தில் மாறுமா? இதை மட்டும் வைத்து ஒரு மனிதரைத் திருடன் என்று சொல்லலாமா? பாலிஷண்ணனுக்குச் செய்த அதே காரியம்தானே அது?

அவள் எழுந்து முன்கதவைத் திறந்து படியில் நின்றாள். பைக் இன்னும் அங்கேயே இருந்தது. பெட்ரோல் டாங்கில் ஒரு ஒட்டுப்படம்: சிரிக்கிற பல், அதன் கீழே கிளினிக்கின் பெயர். பைக்குக்கு நேர் மேலே, சுவரில், கூடத்தின் பெயர்ப்பலகை. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரு கை உயரம்.

கதவை மூடிவிட்டு உள்ளே வந்தாள்.

மாலை 5.30.

“சார், வெளிய நிக்கிற பைக் உங்களுதா?”

“ஆமா. ஏன், யாராவது இடிச்சுட்டாங்களா?” மேனேஜர் பாதி எழுந்தார்.

“இல்ல சார். அப்படியேதான் இருக்கு. மூட்டைக்காரர் வந்தப்பவே அங்கதான் இருந்துச்சு. அவரு திட்டிட்டுப் போனாரு. அதுக்கப்புறம்தான் நீங்க பின்சந்துலேர்ந்து நடந்து வந்தீங்க.”

“அதனால?”

“மேப்பு உங்களைச் சந்துல கொண்டுபோய் விட்டிருந்தா, வண்டி சந்துலதானே சார் நிக்கணும்?”

“சந்துல நிறுத்த இடமில்லைம்மா. குப்பைத்தொட்டி நாத்தம் வேற. முன்னாடி கொண்டாந்து நிறுத்திட்டு, திரும்ப நடந்து போனேன்.”

“எதுக்குத் திரும்பப் போனீங்க?”

“கடையைத் தேடித்தான்.”

“போர்டுக்கு நேர் கீழ வண்டிய நிறுத்திட்டு, கடை எங்கன்னு பின்சந்துல தேடினீங்களா சார்?”

வக்கீல் கைக்குட்டையை வாயிலிருந்து எடுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்க மேப்போட லட்சணம் ஊருக்கே தெரியும்,” என்றார் மேனேஜர். குரல் உயர்ந்தது. “எங்க ஆளுங்க எல்லாரும் சொல்லியிருக்காங்க. குப்பைத்தொட்டியில கொண்டுபோய் விடும்னு.”

“நேத்து வரைக்கும் விட்டுச்சு சார். அவங்க சொன்னது உண்மைதான். இன்னிக்குக் காலையில மாத்திட்டாங்க.” அவள் போனை மேசைமேல் திருப்பி வைத்தாள். “இந்தக்கா நேரா படிக்கு வந்தாங்க. மூட்டைக்காரர் புது ஆளு, அவரும் நேரா வந்தாரு. வக்கீல் சாரும் அப்படித்தான். இன்னிக்கு வழி கேட்டு ஒரு போன்கூட வரல. இன்னிக்கு வழி தப்பின ஒரே ஆளு நீங்கதான். அதுவும் மேப்பு தப்பாக் காட்டி இல்ல. இஸ்திரியம்மா கேட்டாங்க, ‘மேப்பு கொண்டாந்து விட்டுச்சா’ன்னு. அவங்களே குடுத்த சாக்கு, நீங்க அப்படியே வாங்கி வச்சுக்கிட்டீங்க. நாங்களும் தினமும் கேக்கற கதைங்கறதால நம்பிட்டோம். நான் தண்ணி வேற குடுத்தேன்.”

“சின்னவளே, என்னடி சொல்றே?” அக்கா சாவியை இறுக்கிப் பிடித்தாள்.

“சார் முன்வாசலுக்குத்தான்க்கா வந்தாரு. வண்டிய நிறுத்திட்டுச் சுத்திக்கிட்டுப் பின்னாடி போனாரு. கதவு திறந்திருக்கும், அண்ணன் காதுல பஞ்சு வச்சுட்டு அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருப்பாருன்னு கிளினிக் ஆளுங்க யார்கிட்டயாவது கேட்டிருப்பாரு. வெளிய நின்னே கையை நீட்டி எடுத்தாச்சு. தண்ணி வாசற்கல்லுல சொட்டியிருக்கு. டப்பாவையே எடுத்திருந்தா எடுத்ததும் தெரிஞ்சிருக்கும், மறைக்கறதும் கஷ்டம். திரும்பி நடக்கறதுக்குள்ள இஸ்திரியம்மா வந்துட்டாங்க.”

“உளறல்!” மேனேஜர் எழுந்தார். “என் பையை நானே கவுத்துக் காட்டினேன். பாக்கெட்டைக் காட்டினேன். பல்லை நான் என்ன முழுங்கிட்டேனா?”

பை காலி, பாக்கெட் காலி. தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ? சின்னவளின் பார்வை அவர் முகத்தைவிட்டுக் கீழே இறங்கியது. வந்ததிலிருந்து அவர் கீழே வைக்காத ஒன்றில் போய் நின்றது.

“நான் கிளம்பறேன். டாக்டர் பாத்துப்பாரு உங்களை,” என்றபடி அவர் கதவை நோக்கி நடந்தார்.

“சார்,” என்றாள் சின்னவள். “ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டுப் போங்க.”

அவர் நின்றார்.

“வெளிய போய்ப் போட்டுக்குவேன்.”

“தப்பா நினைச்சிருந்தா மன்னிச்சுக்குங்க. உங்க கால்லயே விழறேன். ஒரே ஒரு தடவ, இங்கேயே, தலையில போட்டுக் காட்டுங்க.”

மேனேஜர் ஹெல்மெட்டைப் பார்த்தார். மற்றவர்களும் ஹெல்மெட்டைப் பார்த்தார்கள். அவர் கை அதைத் தலைக்கு உயர்த்தவில்லை. வயிற்றோடு இன்னும் இறுக்கி அணைத்தது.

பாலிஷண்ணன் முன்னால் வந்து, மிகவும் மரியாதையாக, அதை அவர் கையிலிருந்து வாங்கினார். கையுறைகளை வெளியே எடுத்தார். அடியில், பஞ்சு வைத்த குழியில், ஈரக் கைக்குட்டை ஒரு மூட்டையாகக் கிடந்தது. பிரித்தார். மேல்வரிசையும் கீழ்வரிசையும் அவரைப் பார்த்துச் சிரித்தன.

“கீறல் இல்ல,” என்றார். முதலில் அதைத்தான் பார்த்தார்.

அக்கா செட்டைக் கழுவித் துடைத்து வக்கீலிடம் கொடுத்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டார். கன்னங்கள் மேடேறின. நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்தார். மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“இப்ப நான் பேசலாமா?” என்றார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது.

மேனேஜர் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா நடந்ததையெல்லாம் சொல்ல, பத்து நிமிடம் வக்கீல் கேள்வி கேட்டார். நாளைக்கான ஒத்திகையாக அதை எடுத்துக்கொண்டார்போல. எனக்குத் தெரிந்த லேப் என்றீர்களாமே, யாருடையது? மச்சானுடையது. எப்போது தொடங்கியது? போன மாதம். வேலை வருகிறதா? இல்லை. இங்கே ஒரு வேலை கெட்டால், அதுவும் ஒரு வக்கீலின் வேலை கெட்டால், டாக்டர் மாற்றிவிடுவார் என்று நினைத்தீர்களா? ஆமாம். இந்த மனிதரை ஏன் வேலையைவிட்டு அனுப்பச் சொன்னீர்கள்? அவர் போனால் இங்கே வேலை நின்றுவிடும். அக்கா டாக்டருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். “வண்டிச் சாவிய அங்கேயே வச்சுட்டு வாய்யா. அது கிளினிக் வண்டி.”

மேனேஜர் ஹெல்மெட்டையும் விட்டுவிட்டு நடந்து போனார். படியில் இறங்கி எந்தப் பக்கம் திரும்புவது என்று ஒரு கணம் தயங்கினார். யாரும் வழி சொல்லவில்லை.

“நாளைக்குச் சாப்பிட்டுட்டு வாங்கண்ணே, நேரமாயிட்டாலும் பரவாயில்ல,” என்றாள் அக்கா. இதைவிடப் பெரிதாக மன்னிப்புக் கேட்க அவளுக்கு வரவில்லை. பாலிஷண்ணனுக்கு அது ஏறக்குறையப் போதுமாக இருந்தது. மடித்து வைத்த மேலாடையை உதறி மாட்டிக்கொண்டார்.

“என் கணக்க முடிக்கச் சாவிய எடுத்தியே,” என்றார்.

“எடுத்தேண்ணே.”

“எடுத்தே,” என்றார் மறுபடி. காதில் பஞ்சை வைத்தார். மெஷின் ஓடத் தொடங்கியது. அந்தப் பெண்ணின் அம்மாவுடைய பல்செட் இன்னும் பாக்கி இருந்தது.

மாலை 6.05.

சின்னவள் புத்தகப் பையோடு பின்கதவு வழியாகக் கிளம்பினாள். பஸ் நிறுத்தத்துக்கு அது குறுக்கு வழி. இஸ்திரியம்மா வண்டியில் கரியை அணைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டு வாயைப் பிளந்தாள்.

“அட, நானே கையப் புடிச்சுக் கூட்டியாந்து விட்டேனே அந்த மனுஷனை!” என்றவள் சற்று யோசித்தாள். “அப்ப இனிமே யாரும் இந்தப் பக்கம் வழி தப்பி வர மாட்டாங்களா?”

“வர மாட்டாங்கம்மா. மாத்தியாச்சு.”

“மாத்தினது யாரு?”

“நான்தான்.”

“நல்லா மாத்தினே, போ.” அவள் ஈரத்துணியை வண்டிமேல் விரித்தாள். “தினமும் ரெண்டு சட்டையாவது வந்துட்டு இருந்துச்சு எனக்கு. பேச்சுத்துணைக்கும் ஆச்சு.”

சின்னவள் சந்து முனைவரை நடந்தாள். நின்றாள். திரும்பி வந்தாள். போனை எடுத்துச் செயலியைத் திறந்தாள். ‘புதிய இடத்தைச் சேர்க்க’ என்பதைத் தட்டி, குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், பழைய குறி நின்ற அதே இடத்தில், சிவப்புக் குறியை வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். மறுபடி இழுத்துச் சரிசெய்தாள்.

“கடைக்குப் பேரு என்னம்மா வைக்கலாம்?”

“எந்தக் கடைக்கு?”

“உங்க கடைக்கு.”

இஸ்திரியம்மா வண்டியைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “பேரெல்லாம் எதுக்கு... சும்மா இஸ்திரிக் கடைன்னு போடு.”

போட்டாள். அனுப்பினாள். பதில் உடனே வந்தது: “பரிசீலனையில் உள்ளது.”

வகுப்புக்கு அன்று அவள் தாமதமாகத்தான் போனாள்.